ஃபைவ் கார்டன்ஸில் இலவச ஜாஸ்: எண்பத்தொரு வயது மாமனாரை அழைத்துப் போகலாமா? ஸ்டீல் பான் என்பது என்ன?

செம்பூர் மருமகள்

வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் ஒரு ஜாஸ் நிகழ்ச்சி இருக்கிறது. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் சுவரொட்டி வந்தது. பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ், இவற்றுக்கு முன்னால் பிரதான வாத்தியமாக ஸ்டீல் பான். வாசிப்பவர் கரீபியன் தீவான டிரினிடாட்டைச் சேர்ந்தவர்.

என் மாமனாருக்கு எண்பத்தொரு வயது. எழுபதுகளில் பம்பாய்க்கு வந்த நாள் முதல் சண்முகானந்தா சபாவே கதி என்று இருந்தவர். பாடகர் வாயைத் திறந்து நாலு ஸ்வரம் போவதற்குள் ராகத்தைச் சொல்லிவிட்டு, "சரி, மேலே போகட்டும்" என்று கையை ஆட்டுவார். ஏதோ இவர் அனுமதி கொடுத்த பிறகுதான் கச்சேரி நடப்பதுபோல இருக்கும். என் மகனுக்குப் பதின்மூன்று. கடம் கற்றுக்கொள்கிறான். சுவரொட்டியைப் பார்த்ததும், "இது ஹேண்ட்பான்தானே அம்மா?" என்றான். கடற்கரையில் மடியில் வைத்துக்கொண்டு தட்டுவதாகக் கைப்பேசியில் ஓயாமல் வருகிறதே, அதைச் சொல்கிறான். எனக்குத் தெரியவில்லை. கணவர் அன்று ஊரில் இல்லை. ஆக, இருவரையும் நான்தான் கட்டி மேய்க்க வேண்டும்.

மாமனார் இரண்டாவது பாட்டிலேயே எழுந்துகொண்டால் பையன் வீடு வரும்வரை பேச மாட்டான். இரண்டு மணி நேரம் அவர் உட்கார்ந்து கேட்கக்கூடிய இசையா இது? எதைக் கவனிக்கச் சொல்லி அவரைத் தயார்செய்யலாம்? அந்த வாத்தியம் தெரிந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? செம்பூரிலிருந்து வரும் வழியையும் உட்காரும் இடத்தையும் பற்றிச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

வடாலா வாசி

இசைக்கும் எனக்கும் தூரம், வழி மட்டும் சொல்கிறேன். ஹார்பர் லைனில் வடாலா ரோடு நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து நாம் நடந்துவிடலாம், எண்பத்தொன்று நடக்க வேண்டாம், டாக்சி பிடியுங்கள். ஞாயிறு என்பதால் மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவது) உண்டா என்று முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலி முதலில் வருபவருக்குத்தான். பெரியவருக்கு முதுகு சாய இடம் வேண்டும் என்றால் மடக்கு நாற்காலியை வீட்டிலிருந்தே எடுத்து வருவது நல்லது. மரங்கள் அடர்ந்த இடம், ஆறரைக்குமேல் கொசு கணுக்காலைத் தேடி வரும். ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்குள் நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது, எனவே விடிய விடிய நடக்குமோ என்ற பயம் வேண்டாம்.

முலுண்ட் கிட்டார்

அக்கா, தைரியமாக அழைத்து வாருங்கள். ராகம் கண்டுபிடிக்கும் பழக்கத்தை மட்டும் அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஜாஸ் ஒரே ராகத்தில் நிற்காது. ஒன்றிரண்டு பாருக்கு (பெரும்பாலும் நாலு எண்ணிக்கை ஒரு பார்) ஒருமுறை அடியிலிருக்கும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், மாறிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு ஓடினால் தலை சுற்றும்.

அவர் பிடித்துக்கொள்ள வேண்டியது சுற்றை. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பழைய ஜாஸ் பாட்டுகளில் பல 32 பார் நீளமுள்ளவை. எட்டு எட்டாக நான்கு பகுதி. ஒன்று, இரண்டு, நான்கு ஏறக்குறைய ஒரே மாதிரி, மூன்றாவது மட்டும் வேறு பக்கம் போய்வரும். மெட்டு முடிந்ததும் ஒவ்வொருவராகக் கற்பனை செய்யத் தொடங்குவார்கள். மெட்டு அப்போது காதில் விழாது, ஆனால் அந்த 32 பார் அடியில் சுழன்றுகொண்டேயிருக்கும். கல்பனாஸ்வரம் எடுப்புக்கு வந்து சேரும் இடத்தைப் பல்லாண்டு பிடித்துப் பழகிய காது இந்தச் சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தையும் பிடித்துவிடும். சந்தேகம் வந்தால் பாஸ்காரரின் விரலைப் பார்க்கச் சொல்லுங்கள். தாளம் போடுவதானால், நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் தட்டுவதுதான் இங்கே வழக்கம். மாமா ஒன்றில் தட்டினால் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

தனி வாசித்தவர் முடித்ததும் பாட்டின் நடுவிலேயே கைதட்டுவார்கள். அது அவமரியாதை அல்ல. கடைசியில் டிரம்ஸ்காரரும் மற்றவர்களும் நாலு நாலு பாராக மாற்றி மாற்றி வாசிக்கலாம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பதைக் கேட்டு வளரும் பையனுக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஜாஸ் இந்த ஊருக்குப் புதுச் சரக்கும் அல்ல. லியோன் அப்பே தம் கறுப்பின அமெரிக்கக் குழுவை 1935-ல் தாஜ் மஹால் ஹோட்டலுக்கு அழைத்து வந்தார். பின்னால் பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்டு வந்தார். அவர்களிடம் கேட்டும் கூட வாசித்தும் தேறிய கோவாக்காரர்கள் சர்ச்கேட் பக்கத்து உணவகங்களில் இரவில் ஜாஸ் வாசித்தார்கள், பகலில் சினிமா ஒலிப்பதிவுக்குப் போனார்கள். பழைய ஹிந்திப் பாட்டில் டிரம்பெட் கேட்டிருக்கிறார் என்றால் மாமா பாதி ஜாஸ் ரசிகர்தான், அவருக்கே தெரியாமல். ஜாஸ் யாத்ரா என்ற பெரிய விழா 1978-ல் தொடங்கியதும் இங்கேதான்.

பான் விஷயத்தில் எனக்கு இருப்பது ஒலித்தட்டு ஞானம் மட்டுமே. பாஸ் கிட்டார்காரர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1976 ஆல்பத்தில் ஒத்தெல்லோ மொலினோ பான் வாசித்திருப்பார். அமெரிக்கர் ஆண்டி நரெல் ஜாஸில் பானை முன்னுக்கு வைத்து ஏராளமாகப் பதிவு செய்திருக்கிறார். மற்றதைத் தாராவி அண்ணாச்சி சொல்ல வேண்டும், அவர் அந்தத் தீவுக்கே போய்ப் பார்த்தவர்.

சபா வரிசை மூன்று

எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பதற்கு இவ்வளவு முன்னுரையா? கமகம் என்பதே இல்லாத வாத்தியம். எண்பது வயதுக்காரரைக் கொசுவுக்கு நடுவில் உட்காரவைத்து வதைக்க வேண்டுமா? இலவசம் என்று எழுதிவிட்டால் நம்மவர்கள் எதற்கும் வரிசையில் நிற்பார்கள்.

தாராவி அண்ணாச்சி

வரிசை மூன்று ஐயாவுக்கு முதலில் ஒரு திருத்தம். கவிழ்த்துப்போட்டு அடிப்பதாக இருந்தால் எங்கள் கிடங்குப் பையன்கள் எல்லோரும் வித்வான்களாகியிருப்பார்கள்.

நான் தகட்டு வேலைக்காரன். தாராவியில் எங்கள் அப்பா வைத்த டிரம் கிடங்கில் வளர்ந்து, கப்பலில் ஃபிட்டராகப் போய், ஓய்வுபெற்ற பின் மறுபடியும் கிடங்குக்கே வந்து சேர்ந்தவன். யூரியா ஏற்றுவதற்காக எங்கள் கப்பல் ஒருமுறை டிரினிடாட்டின் பாயின்ட் லிசாஸ் துறைமுகத்தில் நின்றது. கார்னிவல் என்ற அவர்களுடைய வருடாந்தரத் தெருத் திருவிழா நெருங்கும் சமயம். உள்ளூர்க்காரர் ஒருவர் எங்களில் சிலரைப் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு அழைத்துப்போனார். சார்லட் தெருவில் ரெனிகேட்ஸ் என்ற குழுவின் பான் யார்ட், அதாவது ஒத்திகைக் களம். கூரை பாதி, வானம் பாதி. ஒத்திகைக்குக் காசும் கிடையாது, யார் நீ என்ற கேள்வியும் கிடையாது. வேலை முடிந்து போகிறவர்கள் பையைத் தோளில் மாட்டியபடியே நின்று கேட்கிறார்கள். நூறு பேர் அளவுக்கு வாசித்தார்கள், ஒருவர் முன்னாலும் இசைத்தாள் இல்லை. இவ்வளவு இரும்பும் ஒன்றாக முழங்கினால் காது என்ன ஆகும் என்று சற்று ஒதுங்கியே நின்றேன். காதை ஒன்றும் செய்யவில்லை. காலடியிலிருந்து ஏறி நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

எனக்கு இசைக்கு முன்னால் தகடுதான் கண்ணில் பட்டது. நம் கிடங்குகளில் உருளுகிற அதே 55 காலன் டிரம், குறுக்கே ஏறக்குறைய 57 சென்டிமீட்டர். அதன் அடித்தகடு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். சம்மட்டியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அடித்து அடித்து அதை உள்பக்கமாகக் குழிக்கிறார்கள். மெட்டு வாசிக்கும் டெனர் பானுக்கு இருபது சென்டிமீட்டர் ஆழம். தகடு வேலை தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே கை வலிக்கும். தட்டைத் தகட்டை அவ்வளவு தூரம் இழுத்தால் நடுவில் மெலிந்துகொண்டே போகும்; ஓர் அடி தவறினால் கிழிந்தது, எடுத்துப் போட வேண்டியதுதான். குழித்த பிறகு ஸ்வரங்களுக்கு இடம் குறித்து, அவற்றின் ஓரத்தில் பஞ்ச் வைத்துக் கோடு இறக்குகிறார்கள், ஒன்றின் அதிர்வு மற்றொன்றுக்குள் ஒழுகாமல் இருக்க. பக்கச்சுவரை அளவுக்கு வெட்டுகிறார்கள். டெனருக்கு அது குட்டை. பாஸுக்கு முழு டிரம், அதிலும் ஆறு முழு டிரம்களுக்கு நடுவில் ஒரே ஆள் நின்று வாசிப்பார். பிறகு நெருப்பில் காட்டி ஆறவிடுகிறார்கள், அடிபட்ட தகடு அந்தச் சூட்டில்தான் விறைப்பேறும்.

இவ்வளவும் முடிந்தால் பாதி வேலைகூட ஆகவில்லை. சுருதி சேர்ப்பதில்தான் உயிர் போகிறது. ஒரு ஸ்வரத்துக்கு ஒதுக்கிய இடத்தை மேலிருந்தும் கீழிருந்தும் சிறு சுத்தியால் தட்டித் தட்டி, அந்த ஸ்வரமும், அதன் மேல்ஸ்தாயியும், அதற்கும் மேலே வரும் பஞ்சமமும் ஒரே இடத்திலிருந்து சேர்ந்து பேசும்படி செய்ய வேண்டும். அதனால்தான் தகரச் சத்தமாக இல்லாமல் இனிக்கிறது. இதைச் சரிசெய்தால் பக்கத்திலிருப்பது நகரும், அதைத் திருத்தினால் முதலாவது கலையும். இந்த வேலையை ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குப்பை டிரம்மிலிருந்து பிறந்த இசை" என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. டிரம் எங்கள் கிடங்கிலும் கூரை உயரத்துக்குக் கிடக்கிறது, ஒன்றும் பாடக் காணோம். சுத்தி பிடித்தவனைப் பற்றி எழுதுங்கள்.

அம்மா, உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார். பெரும்பாலான டெனர் பான்களில் ஸரிகம என்று வரிசையாக ஸ்வரங்கள் இருக்காது. விளிம்பில் ஏதாவது ஒன்றை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்தில் பஞ்சமம், மறுபக்கத்தில் மத்தியமம். அந்தப் பஞ்சமத்தை ஸட்ஜமாக எண்ணினால் அடுத்து இருப்பது அதன் பஞ்சமம். இப்படியே சுற்றிவந்தால் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் தீர்ந்து வட்டம் மூடிக்கொள்ளும். உள்வட்டத்தில் அவற்றின் மேல்ஸ்தாயி, நடுக்குழியில் அதற்கும் மேல். அந்தோனி வில்லியம்ஸ் என்ற டிரினிடாட்காரர் வகுத்த அமைப்பு இது. ஒன்றை அடிக்கும்போது அக்கம்பக்கத்தில் அதிர்வது பஞ்சமமும் மத்தியமமும் என்பதால் அபஸ்வரமாகக் குறுக்கே வராமல் கூடவே மெல்ல ஒலிக்கும். பன்னிரண்டும் இருப்பதால்தான் கிட்டார் தம்பி சொன்ன கார்டு மாற்றத்துக்கெல்லாம் இந்த வாத்தியம் ஈடுகொடுக்கிறது.

கமகம் இல்லை என்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்வரத்தை வளைக்க முடியாது. நீட்ட வேண்டுமானால் ரப்பர் முனை வைத்த இரண்டு குச்சிகளாலும் வேகமாக உருட்ட வேண்டும். ஜலதரங்கக் கச்சேரி கேட்டு ரசித்தவருக்கு இது ஒரு குறையாகப் படாது.

"வதை" என்ற சொல்லுக்கு வருகிறேன். 1880களில் பிரிட்டிஷ் அரசு டிரினிடாட்டில் ஆப்பிரிக்க வழிவந்த மக்களின் தோல்வாத்தியங்களுக்குத் தடை போட்டது. அவர்கள் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் வைத்தார்கள். 1930களில் மூங்கில் போய் பிஸ்கட் டின்னும் பெயின்ட் டப்பாவும் வந்தன. உலகப்போரின்போது கார்னிவல் நிறுத்தப்பட்டது. 1945-ல் போர் முடிந்த அன்று தகரங்களோடு தெருவில் இறங்கினார்கள். எல்லி மேனெட் போன்றவர்கள் டிரம்மைக் குழித்தது அதையொட்டித்தான். போலீஸ் விரட்டியது; கௌரவமான வீடுகளில் பிள்ளைகளைப் பான் யார்ட் பக்கம் விடமாட்டார்கள். 1951-ல் அந்த யார்டுகளிலிருந்து பொறுக்கியெடுத்த ஒரு குழு லண்டன் விழாவுக்குப் போய் வாசித்தது. 1992-ல் பான் தேசிய வாத்தியமானது. ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல் பான் தினமாக 2023-ல் ஐ.நா. அறிவித்தது. உங்களைப்போலப் பேசியவர்கள் அங்கேயும் நிறையப் பேர் இருந்தார்கள் ஐயா. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது யார்டில் நிற்கிறார்கள்.

இன்னொன்று. பனோரமா என்று 1963-லிருந்து நடக்கும் பெரும்போட்டியில் ரெனிகேட்ஸ் ஒன்பது முறை வென்றது ஜித் சமரூ என்பவரின் இசையமைப்பில். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நம் நாட்டவரின் வழிவந்தவர் அவர். அந்தக் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து மட்டும் போகவில்லை, சென்னையிலிருந்தும் போயின.

பேராண்டிக்கு: ஹேண்ட்பான் வேறு. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஸ்டீல் பான் செய்துகொண்டிருந்த இருவர் 2000-ல் "ஹாங்" என்று ஒன்றைச் செய்தார்கள். இரண்டு குழித்தகடுகளைக் கவிழ்த்து ஒட்டியது, கையால் தட்டுவது. எட்டு ஒன்பது ஸ்வரங்கள்தான், பன்னிரண்டும் இராது. அதைச் செய்தபோது அவர்கள் மனத்தில் கடமும் இருந்தது.

உட்கார நேர் எதிரே வேண்டாம். எதிரிலிருந்து பார்த்தால் பானின் வெளிச்சுவர்தான் தெரியும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் குழியும் குச்சியும் தெரியும்.

சபா வரிசை மூன்று

ஜலதரங்கம் வரை ஏற்கிறேன். மைக் வைக்காமல் வாசிப்பதாக இருந்தால் நானும் வருகிறேன்.

முலுண்ட் கிட்டார்

திறந்தவெளியில் டபுள் பாஸுக்கு மைக் இல்லையென்றால் குயில்தான் கேட்கும் சார்.

செம்பூர் மருமகள்

போய்வந்தோம். எல்லோருக்கும் நன்றி. மாமனார் எழுந்திருக்கவில்லை. முதல் பாட்டில் முகத்தைச் சுளித்தார், "எல்லா ஸ்வரத்தையும் போட்டு வைத்திருக்கிறான்" என்றார். அண்ணாச்சி சொன்ன பஞ்சமச் சுற்றைப் பற்றிச் சொன்னதிலிருந்து குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டில் சுற்று முடியும் இடத்தைச் சரியாகப் பிடித்து என் தொடையில் ஓங்கி ஒரு தட்டு, இன்னும் வலிக்கிறது. டிரம்ஸ் தனி நீளம் அதிகம் என்று குறை சொன்னார். அதை எந்தக் கச்சேரியிலும் சொல்வார். மெதுவான பாட்டு ஒன்றில் அந்த உருட்டல் வந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, பார்த்தேன்.

இடைவேளையில் வாசித்தவர் குழந்தைகளைக் கூப்பிட்டுப் பானைத் தொட்டுப் பார்க்க விட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. இப்போது தாராவியிலிருந்து ஒரு டிரம் வாங்கித் தந்தாக வேண்டுமாம், மொட்டை மாடியில் வைத்து அவனே குழிக்கப்போகிறானாம். அண்ணாச்சி, இது நடக்கிற காரியமா?

தாராவி அண்ணாச்சி

நடக்காது, நடக்கவும் விடாதீர்கள். பழைய டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவனுக்கே பல நேரம் தெரியாது. காலி டிரம் காலியாக இருப்பதில்லை, ஆவி உள்ளே தங்கியிருக்கும். கட்டரோ கிரைண்டரோ வைத்தால் ஒரு பொறி போதும். எங்கள் தொழிலில் ஆட்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் அதுதான். நெருப்பில் காட்டினால் உள்பூச்சும் பெயின்டும் புகைந்து நெஞ்சை அடைக்கும். அந்த ஆபத்தெல்லாம் இல்லையென்றாலும் பழைய டிரம் பானுக்கு ஆகாது. ஒடுக்கெடுத்து ஒடுக்கெடுத்து ஏற்கெனவே களைத்த தகடு அது. பான் செய்பவர்கள் அடிப்பக்கத்தில் கீறலில்லாத புது டிரம்மைத் தட்டிப் பார்த்துப் பொறுக்குவார்கள். மொட்டை மாடியில் சம்மட்டி விழுந்தால் உங்கள் சொசைட்டிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆனால் பையன் ஆசைப்படுகிறான். சனிக்கிழமை காலை கிடங்குக்கு அழைத்து வாருங்கள். ஒரு மில்லிமீட்டர் புதுத்தகடு ஒரு துண்டு இருக்கிறது. மணல் மூட்டைமேல் வைத்து உருண்டைத்தலைச் சுத்தியால் ஒரு சிறு குழி எடுக்கக் கற்றுத்தருகிறேன். அந்தக் குழிக்குள் ஒரே ஒரு ஸ்வரத்துக்கு இடம் எழுப்பிப் பார்க்கட்டும். அன்றே வராது. வந்தால் தொடரட்டும், சலித்தால் கடத்துக்குத் திரும்பட்டும். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். கையுறையும் காதடைப்பானும் நான் தருகிறேன்.

முடிந்தால் மாமனாரையும் அழைத்து வாருங்கள். ஸ்வரம் நின்றதா இல்லையா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், என் வலது காது எஞ்சின் அறையிலேயே போய்விட்டது. பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். பன்னிரண்டுக்கு மேல் லாரி வந்து நின்றால் உள்ளே நாற்காலி போட இடம் இருக்காது.